“நானே” என்று சொல்லும் வயது

பயிர்ச்செய்கை, கடன், காணி உறுதி, கூட்டுறவு என்று இந்த ஏட்டில் நாம் வழக்கமாகப் படிக்கும் பாடங்களிலிருந்து இம்முறை சற்று விலகி, ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையைப் பற்றிச் சிந்திப்போம். வீடும் நிலமும் இழந்து நிற்கும் குடும்பத்துக்கு இது அவசரமான விடயமா என்று சிலர் கேட்கலாம். காணிக்கான கடிதம் பிரதேச செயலகத்தில் ஆறு மாதம் காத்திருக்கும், ஒரு வருடமும் காத்திருக்கும். பிள்ளையின் வளர்ச்சி அப்படிக் காத்திருப்பதில்லை. முகாமிலும் அது எழுந்து நிற்கத்தான் பார்க்கும். உறவினர் வீட்டு மூலையிலும் அது கரண்டியைப் பறித்துத் தானே உண்ணத்தான் முயலும்.

மலையகத்தில் இடப்பெயர்வு புதிய கதை அல்ல. தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக, அது 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்குவதற்கு முன்னரே, ஆற்றோரத்துக் குடும்பங்கள் பல வீடு மாற நேர்ந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கவைக்கப்பட்டனர். புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டில்தான். அந்தக் கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சரிவு நடந்த நாளில் ஒரு வயதாயிருந்த பிள்ளைக்கு, வீட்டுத் திறப்பு கைக்கு வந்தபோது மூன்று வயது. நடை, பேச்சு, உடுத்தல், மலசலம் சொல்லுதல் ஆகிய அத்தனையையும் பிறர் நடமாடும் தளத்தில், தடுப்புச் சீலைகளுக்கு இடையில் அது பழகியிருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழை நுவரெலியா மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது, லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட குடும்பங்களும் இதே நிலைக்குத் தள்ளப்பட்டன.

எது எப்போது வரும்?

பிள்ளை எந்த மாதத்தில் என்ன செய்யும் என்பதை நம் முன்னோர் நன்றாகவே கவனித்திருந்தார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடவுளையோ பெரியோரையோ குழந்தையாக வைத்துப் பாடும் அந்நூல்கள் பத்துப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. கைகொட்டுவது சப்பாணி. தளர்நடை நடந்து வா என்று அழைப்பது வாரானை. இது ஏறத்தாழ ஒரு வயதுக்குரியது. நிலவைக் காட்டி விளையாட்டுக்கு அழைப்பது அம்புலி. அதற்குப் பின் ஆண்பிள்ளை சிறுமிகளின் மணல்வீட்டைக் காலால் அழிக்க வரும் குறும்பும், பறை கொட்டுவதும், சிறுதேர் இழுப்பதும் வரும். மாதக்கணக்கு நூலுக்கு நூல் சற்று மாறினாலும் வரிசை மாறுவது அரிது. பிள்ளை பிறர் கட்டியதை உடைக்கும் நாளையும் ஒரு பருவமாக வைத்துப் புலவர்கள் பாடியிருப்பது எங்களுக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். நம் வீடுகளில் அதே செயலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அடி!

இக்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமான், நோர்வே, ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமாக வளரும் பிள்ளைகளைக் கவனித்து 2006ஆம் ஆண்டில் அளவுகளை வெளியிட்டது. அதன்படி பிடிப்பில்லாமல் தனியே நடப்பது எட்டு மாதம் தொடக்கம் பதினேழரை மாதம் வரை எப்போது வந்தாலும் இயல்பானதே. இடைவெளி எவ்வளவு பெரிது பாருங்கள். பக்கத்துக் காம்பராப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே, நம் பிள்ளை பதினான்கு மாதமாகியும் சுவரைப் பிடிக்கிறதே என்று தாய்மார் வருந்துவதுண்டு. அதில் வருந்த ஏதுமில்லை. சில பிள்ளைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நேராக எழுந்து நடந்துவிடும் என்றும் அதே ஆய்வு காட்டியது.

ஒன்றரை வயதளவில் அம்மா, அப்பாவுக்கு அப்பால் சில சொற்களையாவது பிள்ளை சொல்ல வேண்டும். இரண்டு வயதில் “தண்ணி தா”, “அம்மா வா” என்று இரு சொற்களைச் சேர்க்கும். ஏறும், இறங்கும், சட்டையைக் கழற்றப் பார்க்கும், பெரியவர்கள் கூட்டுவதைக் கண்டு தானும் விளக்குமாற்றைத் தூக்கும். பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிட்ட பிள்ளை ஆகியோரை மருத்துவ மாதிடம், அதாவது குடும்ப நல உத்தியோகத்தரிடம், தாமதமின்றிக் காட்டுங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இந்த வளர்ச்சிப் படிகளுக்கும் இடம் இருக்கிறது. நிறையும் தடுப்பூசியும் குறித்த பக்கத்தோடு பலர் அதை மூடிவிடுகிறார்கள். இடம்பெயர்ந்தபோது பதிவேடு தொலைந்திருந்தால் புதிதாக ஒன்று தரும்படி அவரிடமே கேளுங்கள். எந்த முகாமில் இருந்தாலும் அந்தப் பகுதி மருத்துவ மாதின் பட்டியலில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுவது முதல் வேலை.

இங்கே தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்பகுதிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று கண்டது. நாடு முழுவதற்கும் அது 17 பேர் மட்டுமே. உயரம் குறைந்த பிள்ளையை யாரும் அதன் வயதுக்கேற்றபடி நடத்துவதில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை பார்வைக்கு ஒன்றரை வயதுபோல இருந்தால் நாம் அதை இடுப்பிலேயே வைத்திருக்கிறோம், ஊட்டிவிடுகிறோம், “இது சின்னது, இதுக்கு ஒன்னும் தெரியாது” என்று அதன் காதுபடவே சொல்கிறோம். உடல் சிறிதாயிருப்பதற்கான காரணங்கள் உணவிலும் நோயிலும் வறுமையிலும் இருக்கின்றன. அவை உடனே தீரா. ஆனால் வயதுக்குரிய சுதந்திரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தச் செலவும் இல்லை.

பின்னோக்கிப் போகும் பிள்ளை

இடம்பெயர்ந்த குடும்பங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இதுதான்: “சாமி, வீட்டில இருக்கையில இவன் ஒன்னுக்குச் சொல்லுவான், தானா சாப்புடுவான். இங்க வந்து எல்லாம் மறந்துட்டான். என்னய விட்டு ஒரு நிமிசம் நகர மாட்டேங்குறான்.” பிள்ளை எதையும் மறக்கவில்லை. இரவில் இடி முழங்க, வெள்ளமும் மண்ணும் வர, தூக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு ஓடிய அந்த நாளின் அச்சம் அதனிடம் இருக்கிறது. பேசத் தெரியாத வயதில் அதைச் சொல்ல அதற்கு வேறு வழியில்லை. படுக்கையை நனைத்தும், மீண்டும் பால் கேட்டும், சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டும் அது சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகளில் இது சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் தணிந்துவிடும். அடித்தால் தணிய அதிக காலம் எடுக்கும். மாதங்கள் கடந்தும் தணியாவிட்டால், அல்லது பிள்ளை விளையாட்டையே விட்டுவிட்டால், மருத்துவ மாதிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தணிவதற்கு உதவுவது ஒழுங்கு. வீடு இல்லாத இடத்திலும் ஒரு நாளின் ஒழுங்கைக் கட்டியெழுப்ப முடியும். முகம் கழுவுவது, உணவு, தூக்கம் எல்லாம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். பழைய வீட்டிலிருந்து வந்த ஒரு துணியோ கோப்பையோ இருந்தால் அது பிள்ளையுடையதாக இருக்கட்டும். துவைத்துக் கொடுங்கள், தூக்கி எறியாதீர்கள். எங்கேனும் போகும்போது பிள்ளைக்குத் தெரியாமல் நழுவிச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அழும் என்பதற்காக அப்படிச் செய்கிறோம். ஏற்கனவே ஒரு வீட்டைத் திடீரென இழந்த பிள்ளைக்குத் தாயும் திடீரென மறைந்துபோவது இரட்டை அச்சம். “அம்மா மலைக்குப் போயிட்டு வாறேன், அப்பாயி பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனால் அழத்தான் செய்யும். சொன்னபடி திரும்பி வரும் தாயைக் கண்டு கண்டு அந்த அழுகை குறையும்.

“வேணாம்” என்ற சொல்

இரண்டு வயதை அண்டும்போது எல்லாவற்றுக்கும் “வேணாம்” என்ற பதில் வரும். “நானே” என்று வரும். சட்டையை நானே போடுவேன், றொட்டியை நானே பிய்ப்பேன், படியில் நானே இறங்குவேன். மனித வளர்ச்சியை ஆராய்ந்த எரிக்சன் என்பவர் 1950இல் வெளியிட்ட நூலில் இந்த வயதைச் சுயாதீனத்துக்கும் வெட்கத்துக்கும் இடையிலான போராட்டம் என்று விளக்கினார். பிள்ளை தன் கையால் செய்து பார்க்க இடம் பெற்றால் தன்மேல் நம்பிக்கை கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஏளனமும் அடியும் பெற்றால் தன்னையே சந்தேகிக்கும். அடக்கத்தை விரும்பும் நம் குடும்பங்களில் இந்தக் கருத்து எளிதில் ஏற்கப்படுவதில்லை. “இப்பவே இப்படி எதுத்துப் பேசினா பெரிசாகி என்ன செய்யும்?” என்று அம்மாயிமார் கேட்பார்கள். எங்கள் எண்ணம் இது. துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் தலைகுனிந்து நிற்கவே நம் மக்கள் பல தலைமுறைகளாகப் பழக்கப்பட்டார்கள். நம் பிள்ளைகளில் ஒன்று இரண்டு வயதில் “வேணாம்” என்று நிமிர்ந்து சொல்லும்போது அந்தக் குரலை உடனே நசுக்கிவிட நாம் ஏன் இத்தனை அவசரப்பட வேண்டும்?

பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. அடுப்பைத் தொடக்கூடாது என்றால் கூடாதுதான், அதில் விவாதம் இல்லை. ஆனால் சின்ன விடயங்களில் தெரிவு கொடுக்கலாம். சிவப்புக் கம்பளிச் சட்டையா நீலமா? முதலில் முகம் கழுவுவோமா, கால் கழுவுவோமா? தெரிவு செய்த பிள்ளை பிடிவாதம் பிடிப்பது குறைவு. கீழே விழுந்து புரண்டு கத்தும் வேளையில் அடிபடாத இடத்தில் விட்டு, பக்கத்திலேயே அமைதியாக இருங்கள். முகாமில் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம் நம் கையை ஓங்கச் செய்கிறது. அந்த நாலு பேர் வீட்டிலும் இதே வயதுப் பிள்ளைகள் கத்தியிருக்கின்றன.

தானே உண்ணுதல், தானே போதல்

ஒரு வயதிலிருந்தே ஒரு துண்டு றொட்டியையோ அவித்த கிழங்கையோ கையில் கொடுத்துவிடலாம். பாதி நிலத்தில் விழும். நிவாரண அரிசி நிலத்தில் விழுவதைப் பார்க்க வயிறு எரியும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் ஒரு கடதாசியையோ சுத்தமான படங்கையோ விரித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வையுங்கள். பிள்ளை பாதி உண்ண, மீதியை நீங்கள் ஊட்டுங்கள். கூட்டுத் தட்டில் பெரிய பிள்ளைகளோடு உண்ணும் சிறியது எவ்வளவு உண்டது என்று யாருக்கும் தெரியாது. அதற்கென ஒரு தனித்தட்டு வேண்டும்.

தேத்தண்ணி பற்றி ஒரு சொல். நாமே விளைவித்துக் கொடுக்கும் பொருள் என்றாலும், உணவோடு குடிக்கும் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. போத்தலில் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் பிள்ளையின் வயிறு நிறைந்துவிடும், இரத்தம் ஊறாது. கிளினிக்கில் திரிபோஷா கொடுக்கும்போது அதை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். வீடு முழுவதும் பகிர்ந்தால் யாருக்கும் பயனில்லை.

மலசலப் பழக்கம் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் வரும். இரவு நனைப்பது அதற்குப் பின்னும் சில காலம் இருக்கலாம். முகாமின் பொது மலசலகூடம் தூரத்திலும் இருளிலும் வழுக்கும் தரையிலும் இருக்கிறது. பெரியவர்களே அஞ்சும் இடத்துக்குப் பிள்ளை எப்படிப் போகும்? மூடியுள்ள ஒரு சிறு சட்டியை ஒதுக்கி, உணவுக்குப் பின் அதில் சற்று நேரம் உட்கார வையுங்கள். கழிவை மலசலகூடத்தில் கொட்டி, சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். சிறு பிள்ளையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. அதிலும் நோய்க்கிருமி உண்டு. தலவாக்கலைக் குளிரில் மூன்று அடுக்கு உடுப்போடு இருக்கும் பிள்ளை தானே கழற்றித் தயாராவதற்குள் நனைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாடா முடிச்சும் பொத்தானும் உள்ள காற்சட்டையை விட இலாஸ்டிக் வைத்தது நல்லது.

கட்டிப்போடாமல் காப்பது

சுதந்திரம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆபத்தைச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயலாகும். தவழும் பிள்ளை எட்டாத இடத்தை நடக்கும் பிள்ளை எட்டும், ஏறும் பிள்ளை அதற்கும் மேலே எட்டும். ஒவ்வொரு புதிய திறமையும் வந்த அன்றே வீட்டை மீண்டும் ஒருமுறை பிள்ளையின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். நாங்கள் குடும்பங்களுக்குச் சொல்வது, முழந்தாளிட்டு ஒருமுறை காம்பராவைச் சுற்றி வாருங்கள் என்பதே. கேத்தலின் மூக்கும், குப்பி விளக்கும், கவ்வாத்துக் கத்தியும் அப்போதுதான் கண்ணில் படும்.

விவசாயக் குடும்பங்களில் மிகப் பெரிய ஆபத்து மருந்துப் போத்தல். மரக்கறிக்கு அடிக்கும் நாசினியில் மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சோடாதான். தற்காலிக வீட்டில் இடம் இல்லையென்று மருந்தையும் மண்ணெண்ணெயையும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைப்பதைக் கண்டிருக்கிறோம். பூட்டுள்ள ஒரு பெட்டி வாங்க முடியாவிட்டால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வெளியே ஒரு பூட்டுப் பெட்டி வைத்துக்கொள்ளலாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியுலன்ஸ் வரும்.

சுடுநீர் கொட்டினால் ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் ஊற்ற வேண்டும். பற்பசை, முட்டை, மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. தண்ணீர் பீப்பாய்க்கும் வாளிக்கும் மூடி வேண்டும்; தலைகீழாக விழுந்த சிறு பிள்ளை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீர்கூடத் தேவையில்லை. இஸ்தோப்பின் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பலகை ஒன்றை அடித்தால், வெளியே மேட்டுச் சரிவு இருந்தாலும், உள்ளே பிள்ளை நடந்து திரியலாம்.

பலகை அடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற வழி, பிள்ளையைக் காலில் கயிறு கட்டி விடுவதும், நாள் முழுவதும் சீலைத் தொட்டிலில் கிடத்துவதும், அல்லது மூத்த பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் காவல் வைப்பதும்தான். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் பரவலாக நடக்கிறது. சின்னதின் இரண்டு வயதைக் காப்பாற்ற அக்காவின் பத்து வயதைச் செலவிடுகிறோம். தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருந்தால், நீங்கள் இப்போது தோட்டத்தில் பெயர் பதிந்தவர்களாக இல்லாவிட்டாலும், பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று நிருவாகத்திடம் கேளுங்கள். முடியாது என்றால் முகாமிலுள்ள தாய்மார் முறைவைத்துப் பார்க்கலாம். ஐந்து தாய்மாரில் ஒருவர் தங்கினால் நான்கு பேர் வேலைக்குப் போகலாம்.

மொண்டிசோரி என்ற பெயரை நம் பாலர் பாடசாலைகளின் பலகைகளில் காண்கிறோம். அது ஓர் இத்தாலிய வைத்தியரின் பெயர். 1907இல் உரோமை நகரின் சன் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் தனித்துத் திரிந்த பிள்ளைகளுக்காக ஓர் அறையில் அவர் வேலையைத் தொடங்கினார். லயத்துப் பிள்ளைகளின் நிலைக்கு அது வெகு தூரமில்லை. பிள்ளை தானே தூக்கக்கூடிய சிறு கதிரை, எட்டக்கூடிய தட்டு, தானே கழுவக்கூடிய கிண்ணம் என்று அவர் அமைத்துக் கொடுத்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் பல ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். விலையுயர்ந்த பொருட்கள் இல்லாமலும் அவர் கண்டதை நாம் செய்யலாம். ஆணி ஒன்றைத் தாழ்வாக அடித்தால் பிள்ளை தன் துவாயைத் தானே மாட்டும். பயற்றங்காய் உடைக்கக் கொடுத்தால் அரைமணி நேரம் அமர்ந்திருக்கும்.

ஓசேயா இறைவாக்கினர் நூலின் 11ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசியுங்கள். தம் மக்களுக்கு நடை பழக்கிய பெற்றோராக இறைவன் அங்கே காட்டப்படுகிறார். நடை பழக்கும் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. குனிகிறார், கையைப் பிடிக்கிறார், மெல்ல விடுகிறார். இந்துக் குடும்பங்கள் உரல் இழுத்த கண்ணனை எண்ணிப் பார்க்கலாம். கட்டிவைத்த உரலையும் இழுத்துக்கொண்டு போன பிள்ளை அது!

குழுவில் பேசுவதற்கு

உங்கள் பிள்ளை இந்த மூன்று மாதங்களில் புதிதாகத் தானே செய்யத் தொடங்கியது என்ன? அதை வீட்டில் முதலில் கண்டவர் யார், தந்தைக்கு அது தெரியுமா? உங்கள் முகாமில் அல்லது புதிய குடியிருப்பில் பிள்ளைகள் அச்சமின்றி நடந்து திரியக்கூடிய பத்தடி இடம் எங்கே இருக்கிறது? இல்லையென்றால், அடுத்த சிரமதானத்தில் அதைச் செய்துகொள்ள யார் யார் மண்வெட்டியோடு வருவீர்கள்? நாசினிப் போத்தல்களுக்குப் பூட்டுப் பெட்டி வைக்கும் பொறுப்பை எந்தக் குடும்பம் ஏற்கும்? பாடசாலைக்குப் போகாமல் தம்பி, தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.